குளிரை ஊதிய உலை

முப்பது வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டிய வெர்னா, வீட்டைச் சூடாக்க நிலவறையில் இருந்த விறகு உலையின் பக்கம் போனதே இல்லை. அது கணவன் ரேய்னோவின் ராஜ்யம். அக்டோபர் கடைசியில் அவனுக்கு இடுப்பு மூட்டு மாற்றி மருத்துவமனையில் படுக்கவைத்தார்கள். அடுத்த நாளே, அமெரிக்காவின் வட எல்லையில் இருக்கும் சுபீரியர் ஏரிப் பக்கத்திலிருந்து முதல் பனி வந்து இறங்கியது.

ஆபரேஷனுக்கு முன்பே ரேய்னோ சொல்லியிருந்தான், சுவரில் உள்ள ஸ்விட்சைப் போட்டுவிட்டு நெருப்பு மூட்ட வேண்டும் என்று. அவள் ஸ்விட்சைப் போட்டதும் உலையின் விசிறி ஓட ஆரம்பித்தது. அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மேப்பிள் கட்டைகள் நன்றாகப் பற்றின. ஆனால் மேலே, உலையின் சூட்டை விசிறி வீட்டுக்குள் தள்ளும் தரைக் காற்றுத் துளைகளில் வெதுவெதுப்புகூட வரவில்லை. விடியற்காலையில், நெருப்பு கனலாகக் குறைந்ததும், அதே துளைகள் குளிர்காற்றை வாரி இறைத்தன. கோட்டு போட்டுக்கொண்டு காபி குடித்தாள்.

பக்கத்து வீட்டு ஹில்டிங் வந்து, விறகு ஈரம் என்றார். கொட்டகையின் மறுகோடியிலிருந்து காய்ந்த கட்டைகளைச் சுமந்துவந்தாள். மாற்றமில்லை. விசிறியின் தூசு வடிகட்டி அடைத்திருக்கும் என்றார். மாற்றினாள். சூடு புகையோடு போய்விடாமல் புகைபோக்கியின் தகட்டை மூடிப் பார்க்கச் சொன்னார். மூடினாள். நிலவறை முழுக்கப் புகை. விசிறியையே நிறுத்திப் பார்க்கலாம் என்று ஸ்விட்சை அணைத்ததும் உலையின் தகரம் சூட்டில் படபடவென்று வெடிக்கிற மாதிரி சத்தம் போட, பயந்துபோய்த் திரும்பப் போட்டாள். நெருப்பு எரிகிறது, வீடு உறைகிறது. அந்தச் சூடெல்லாம் எங்கேதான் போகிறது?

ரேய்னோவுக்குப் போன் செய்தாள். வலி மாத்திரையில் அவன் குரல் மிதந்தது.

"காத்து குளுகுளுன்னு வருதா?"

"ஆமா, வருது."

"அப்புறம் என்ன. நல்லாத்தான் ஓடுது."

போனை வைத்தபோது, குழம்பியிருப்பது அவனா தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவனே கூப்பிட்டான். இப்போது குரல் தெளிவாக இருந்தது.

"வெர்னா, உலை பக்கவாட்டுல சாம்பல் நிறத்துல ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுல வெள்ளைப் பொத்தான். வெளிய நிக்குதா, உள்ள இருக்கா?"

போனோடு இறங்கிப் போய்ப் பார்த்தாள். வெளியே நின்றது.

"அதை நான்தான் ஜூலைல, கோடை வெக்கைல இழுத்துவிட்டேன். நிலவறைக் குளுமைய மேல ஏத்துறதுக்கு. உள்ள தள்ளு."

தள்ளினாள். விசிறி நின்றுபோனது.

"நின்னுபோச்சு ரேய்னோ. கெடுத்துட்டேன் போல."

"கெடல. எதையும் தொடாம சும்மா நில்லு."

நின்றாள். ஐந்து நிமிஷம் கழித்து, யாரும் தொடாமலே விசிறி மறுபடி ஓடியது. மேலே ஓடிப்போய்க் காற்றுத் துளைமேல் காலை வைத்தாள். காலுறையைத் தாண்டிச் சுட்டது.

ரேய்னோ வீடு திரும்பியபோது படியிறங்கக் கூடாது என்றிருந்தார்கள். உலை அவள் பொறுப்பிலேயே இருந்தது. சூடு ஏறினால் பெட்டிக்குள் ஒரு சுருள் முறுக்கிக்கொண்டு விசிறியைக் கிளப்பும், ஆறினால் நிறுத்தும், பொத்தான் வெளியே நின்றால் மட்டும் விசிறி ஓயாமல் ஓடி உலையைச் சூடேறவே விடாது என்று தாளில் படம் போட்டுக் காட்டினான். தலையாட்டினாள். பாதிதான் விளங்கியது. குளிர்ந்துவிடுமோ என்ற பயத்தில் தேவைக்கு இரண்டு கட்டை அதிகமாகவே போட்டுவந்தாள். வெளியே பனி கொட்ட, ரேய்னோ பனியனோடு உட்கார்ந்து ஜன்னலைத் திறக்கச் சொன்னான்.