கசிவை அடைக்க ஊற்றிய மருந்து

எங்கள் வேன் பதினெட்டு வருடப் பழசு. ரேடியேட்டரில் லேசான கசிவு இருந்தது. "கழட்டி ஒட்டணும்ணே, ரெண்டு நாள் ஆகும்" என்றார் மெக்கானிக். எனக்குப் பொறுமையில்லை. கூலண்ட்டில் கலந்தால் கசிவை அடைக்கும் என்று கடையில் கொடுத்த மருந்தை முழுப் பாட்டிலும் ஊற்றினேன். கசிவு நின்றது.

மறுவாரம் மகளுக்குப் பிரசவ வலி. தேவிபட்டினத்திலிருந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில் புகையாக ஆவி கிளம்பி இன்ஜின் நின்றுவிட்டது. உச்சி வெயில், சுற்றிலும் கருவேலங்காடு. "அய்யா, முடியலய்யா" என்று மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதறினாள். போன் செய்தால், ஆம்புலன்ஸ் வர அரைமணி ஆகும் என்றார்கள். இரண்டு கார்கள் நிற்காமல் போயின. மூன்றாவதாக வந்த மீன் வண்டிக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன்.

இறங்கிய டிரைவர், "அழுகாதீகண்ணே, பிள்ளைய முன் சீட்டுல ஏத்துங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பத்தாவது நிமிடம் பேத்தி பிறந்தாள்.

ரேடியேட்டரைக் கழற்றிய மெக்கானிக், உள்ளே குழாய்களையெல்லாம் அந்த மருந்து அடைத்திருந்ததைக் காட்டினார். இப்போது தினமும் காலையில், இன்ஜின் சூடாகும் முன்பே கூலண்ட் அளவைப் பார்த்துவிடுகிறேன். சொட்டுக் கசிந்தாலும், எந்த வேலை கெட்டாலும் சரி, வண்டி நேராக மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போகிறது.