மெட்டிக்கு ஓர் இடம்

போன ஞாயிற்றுக்கிழமை மஞ்சுளாவுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையால் பின்னியது. கணுக்காலோடு நின்றுவிடும் குட்டை சாக்ஸ். அதை அவள் என் முகத்தில் விட்டெறிந்திருந்தால் இந்த வாரம் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன். அவளோ அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு எனக்கு டீ போடப் போனாள்.

மஞ்சுளா யார் என்று சொல்லிவிடுகிறேன். பாலக்கோட்டில் எனக்கு அடுத்த தெருக்காரி. ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். கணவர் மாதேஷ் தக்காளி மண்டியில் ஏலம் விடுபவர். ஒரே பெண், காலேஜில் படிக்கிறாள்.

கம்பெனியில் எல்லோரும் ஷூ போட்டாக வேண்டும். ஷூவுக்குள் சாக்ஸ். சாக்ஸுக்குள்... மெட்டி. இதை யாராவது யோசித்திருப்பார்களா? கடையில் வாங்கும் சாக்ஸ் எல்லாம் வாங்கிய சூட்டோடு ஒரே இடத்தில் ஓட்டை விழும் — பெருவிரலுக்குப் பக்கத்து விரலில். சாக்ஸ் தயாரிக்கும் மகான்கள் யாரும் மெட்டி போட்டுப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

நான் ஊரடங்கு சமயத்தில் போனைப் பார்த்துப் பின்னல் கற்றுக்கொண்டவள். அன்றிலிருந்து மஃப்ளர், குல்லா என்று கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் பின்னிக் கொடுத்துத் தொந்தரவு செய்கிறேன். இந்த ஊர் வெயிலில் மஃப்ளர்! வாங்கிக்கொண்டவர்கள் சிரித்தார்கள், யாரும் கழுத்தில் சுற்றவில்லை. தானாக வந்து என்னிடம் ஒன்றைக் கேட்ட முதல் ஆள் மஞ்சுளாதான்.

"அக்கா, மெட்டிக்கு எடம் வுட்டு ஒரு ஜோடி போட்டுத் தருவீங்களா?"

"ஏன், மெட்டியைக் கழட்டி வெச்சிட்டு வேலைக்குப் போலாமே?"

"நம்ம வூட்ல அந்தப் பழக்கம் இல்லீங்க. கழட்டுனா விரலே மொட்டையா தெரியுது."

உல்லன் என்றால் ஷூவுக்குள் கால் வெந்துவிடும் என்று காட்டன் நூல் எடுத்தேன். சாக்ஸை மேலிருந்து கீழே பின்னுவேன். கணுக்காலில் ஆரம்பித்து, குதிகாலில் திரும்பி, பாதத்தைத் தாண்டி, விரல் நுனியில் கண்ணிகளைக் குறைத்துக் குறைத்து மூட வேண்டும். மெட்டி வரும் இடத்தில் மட்டும் குறைக்காமல் விட்டு, இரட்டை நூலில் கொஞ்சம் தளர்வாகப் பின்னினேன். வெளியிலிருந்து பார்த்தால் சின்னதாக ஒரு மேடு தெரியும். அது சரியாக வருவதற்குள் எத்தனை முறை பிரித்தேனோ! கடைசியில் வந்தபோது எனக்கு அவ்வளவு பெருமை. முடிந்த கையோடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் நேர்த்தி செய்யலாமே என்று நாளைத் தள்ளினேன்.

அதற்குள் மாதேஷ் போய்விட்டார். மண்டியில் ஏலம் முடிந்து டீ குடிக்க உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். சாகிற வயசா அது?

துக்கத்துக்குப் போய் மஞ்சுளாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது, "காரியத்தன்னைக்கு வந்துருங்கக்கா" என்றாள். எல்லோரிடமும் சொல்வதுதானே என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

காரியத்தன்று நான் போகவில்லை. பூ, பொட்டு, தாலி, மெட்டி... அத்தனை பேருக்கு நடுவில் அவளிடமிருந்து ஒவ்வொன்றாக எடுப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பத்திரிகைக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டேன். இந்தச் சடங்கைத் திட்டி இதே பக்கத்தில் நான் எழுதியதும், நீங்கள் பாராட்டி எழுதியதும் நினைவிருக்கலாம். எழுதுவதற்கென்ன... ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதுவதுதானே?

அன்று மத்தியானம் சும்மா இருக்க முடியாமல் சாக்ஸைக் கையில் எடுத்தேன். அந்த மேடு கண்ணை உறுத்தியது. இனி அவள் காலில் மெட்டி இருக்காது. வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையிலும் இதைப் பார்த்து உடைந்துபோவாளே என்று நினைத்தேன். முனையிலிருந்த முடிச்சை வெட்டி நூலை இழுத்தேன். சரசரவென்று பிரிந்து வந்துவிட்டது. மேடில்லாமல், ஒரே சீராகப் பின்னி மூடினேன். பின்னும்போது அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழுததால் நான் செய்வது சரி என்றே நம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கொடுத்தது அந்தச் சாக்ஸைத்தான்.

"இருங்கக்கா, போட்டுப் பாக்கறேன்" என்று கட்டிலில் உட்கார்ந்தாள். அதுவரை அவள் காலைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. சாக்ஸை மாட்டி இழுத்தாள். பாதி தூரம் போய் எதிலோ சிக்கிக்கொண்டது. உருவி எடுத்தாள். விரலில் மெட்டி இருந்தது.

"கழட்டலியா மஞ்சு?"

"தாலிய எடுத்துக்கிட்டாங்க. மெட்டிக்கு வந்தாங்க, நான் வுடலீங்க. காலை மடக்கி சேலைக்குள்ள வெச்சிக்கிட்டேன். கல்யாணத்தன்னைக்கு அவரு குனிஞ்சு போட்டுவுட்டதுங்க. கழட்டறதா இருந்தா அவரே வந்து கழட்டட்டும்னுட்டேன்."

"உங்க அத்தை ஒண்ணும் சொல்லலியா?"

"அத்தை இன்னும் எங்கூட பேசறதில்லீங்க. எங்கம்மாவே திட்டுனாங்க. அத்தினி சனம் இருந்துச்சு, எனக்குன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல. நான் வாசலயே பாத்துக்கிட்டிருந்தங்க. நீங்க வந்தா நாலு வார்த்தை பேசுவீங்கன்னு."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

சாக்ஸின் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலை உள்ளே விட்டுத் தடவினாள்.

"எடம் வுட்டுப் போடறேன்னு சொன்னீங்களே... மறந்துட்டீங்களாக்கா?"

"ஆமா மஞ்சு... மறந்துட்டேன்."

"பரவால்லீங்க. நம்ம பாப்பாவுக்கு ஆவும். அவளுக்கு இன்னும் மெட்டி இல்லியே."

மறக்கவில்லை மஞ்சுளா. அத்தனை பேர் சேர்ந்தும் கழற்ற முடியாத உன் மெட்டியை, நான் வீட்டில் உட்கார்ந்தபடியே கழற்றிவிட்டேன்.