கொன்றாக்டர் வீட்டு வான்கோழி

வான்கோழியின் தோலுக்கும் நெஞ்சிறைச்சிக்கும் நடுவே மாமி விரல்களை நுழைத்த விதம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கழுத்துப் பக்கமாகத் தொடங்கி, நகம் படாமல், தோல் எங்கும் கிழியாமல், கை முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார். வறுத்து இடித்த மிளகும் உள்ளிப்பூண்டும் பொடியாக அரிந்த கறிவேப்பிலையும் போட்டுப் பிசைந்த பட்டரை மற்றக் கையால் எடுத்து, உள்ளே தள்ளித் தள்ளித் தடவினார். வெளியிலிருந்து பார்க்க, செத்த பறவையின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று உயிரோடு அசைவதுபோல இருந்தது. தடவிக்கொண்டே மாமி சொன்னார்: "இதைத் தின்னேக்க அவன்ர தொண்டையில நான் நிக்கோணும்."

அவன் என்றது எங்கள் ஒழுங்கையின், அந்தக் குறுந்தெருவின், முனை வீட்டில் இருந்த கொன்றாக்டரை. அந்த வான்கோழியும் அவருடையதுதான்.

மாமி என் அப்பாவின் தங்கை. இளவாலையில் பிறந்து, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த மாமாவைக் கலியாணம் செய்து கொட்டாஞ்சேனைக்கு வந்தவர். கப்பல் கம்பனி ஒன்றில் தட்டெழுத்து வேலை. சிங்களமும் ஆங்கிலமும் தமிழைப் போலவே பேசுவார். பிள்ளைகள் இல்லை. ஊரில் ஷெல்லடி கூடியபோது அப்பா என்னையும் அண்ணாவையும் மாமியிடம் அனுப்பி வைத்தார். நான் கணக்கியல் படித்தேன். அண்ணா வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருந்தான். சமையல் மாமிக்குத் தொழில் இல்லை. ஆனால் சப்பென்ற சாப்பாட்டை அவரால் பொறுக்க முடியாது. கலியாண வீட்டில் கோழிக்கறி தண்ணீராக இருந்தால், அதைச் சமைத்தவன் தன்னை நேருக்கு நேர் அவமதித்துவிட்டான் என்றே எடுத்துக்கொள்வார்.

கொன்றாக்டர் பொலிஸ் குவார்ட்டர்ஸ் கட்டும் வேலைகள் எடுப்பவர். ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்மஸ் விருந்துக்கென்று, நீர்கொழும்புப் பக்கமிருந்து ஒரு வான்கோழி இறக்குவார். அதைச் சமைக்க மாமியிடம் அனுப்புவார். வான்கோழி பெரிய பறவை. இறைச்சி கோழியைப் போல இளகாது, நெஞ்சுப் பக்கம் விறகாகிவிடும். மாமியின் கைக்கு மட்டும்தான் அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். தெருமுனைப் பேக்கரிக்காரர் காலைப் பாண் இறக்கிய பிறகு போறணை அடுப்பை அவருக்கு விடுவார். வெந்தது கொன்றாக்டர் வீட்டு மேசைக்குப் போகும். விருந்தாளிகளிடம் கொன்றாக்டரின் மனைவி அதைத் தன் கைப்பக்குவம் என்று சொல்லிக்கொள்வார். மாமிக்கு அது தெரியும். சிரித்துவிட்டு விட்டுவிடுவார்.

கொன்றாக்டர் அடிக்கடி சமையல் நடக்கும் எங்கள் குசினிப் பக்கம் எட்டிப் பார்ப்பார். அப்படி வந்த ஒரு நாள், கோழிக்கறியும் பாணும் சாப்பிட்டபடி அண்ணாவிடம், "தம்பி எந்த ஊரு?" என்று கேட்டார். அண்ணா அப்போது வாய் நிறையப் பருத்தித்துறை வடையைக் கடித்துக்கொண்டிருந்தான். "பருத்தித்துறை" என்றான், பகிடிக்கு. அவருக்குப் பகிடி விளங்கவில்லை, தலையாட்டிக்கொண்டார். அவர் போன பிறகு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரைத் திருத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நத்தாருக்குச் சில வாரங்கள் இருக்க, ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து உடுப்பு மாற்றவில்லை, வாசலில் ஜீப் நின்றது. சுற்றிவளைப்பு என்றால் ஒழுங்கை முழுவதையும் அடைப்பார்கள். எல்லாரையும் வெளியே எடுப்பார்கள். அன்றைக்கு வேறு எந்த வீட்டுக் கதவையும் தட்டவில்லை. நேரே உள்ளே வந்த சார்ஜன்ட் கேட்டான்: "பேதுருதுடுவே கொல்லா கோ?" பருத்தித்துறைப் பொடியன் எங்கே என்று. பொலிஸில் நாங்கள் பதிந்த இடத்தில் இளவாலை என்றே இருந்தது. அடையாள அட்டையிலும் இளவாலை. மாமா அட்டையை நீட்டி நீட்டிச் சொன்னார். அவர்கள் வாங்கிப் பார்க்கவில்லை. அண்ணாவின் கழுத்துப் பட்டியைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு போனான்.

பின்னேரம் கொன்றாக்டர் வந்தார். முகத்தில் அவ்வளவு துக்கம்! "பயப்படாதீங்க மிஸிஸ். ஸ்டேஷன்ல எல்லாரும் நமக்குத் தெரிஞ்சவங்கதான். நான் கதைச்சு எடுத்துத் தாறேன்" என்றார். எதிர்வீட்டு ரீச்சரின் மகனை முந்தைய வருடம் பிடித்தபோதும் அவர்தான் போய்க் கதைத்து எடுத்துக் கொடுத்தவர். அதிலிருந்து ரீச்சர் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார். ஒழுங்கையே அவருக்குக் கடன்பட்டதுபோல நடந்துகொள்ளும். போகும்போது வாசலில் திரும்பி நின்று சொன்னார்: "பருத்தித்துறைப் பொடியன்கள் எண்டாலே அவங்களுக்குச் சந்தேகம், என்ன செய்யிற?"

மாமி கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் முதுகைச் சாய்த்தார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். வடை வாயோடு அண்ணா சொன்ன அந்தச் சொல்லை இந்தக் கொழும்பில் கேட்டவர் ஒரேயொருவர்தான்.

அண்ணாவைப் பார்க்கப் போனால் வாசலோடு திருப்பிவிட்டார்கள். கொண்டுபோன சாப்பாட்டுப் பார்சலை வாங்கினார்கள். அது அவனுக்குப் போய்ச் சேரவில்லை. இப்படி இருக்கையில் கொன்றாக்டர் வீட்டிலிருந்து வழக்கம்போல ஆள் வந்தது. இந்த முறை ஸ்டேஷன் பெரிய இன்ஸ்பெக்டர் குடும்பத்தோடு வருகிறாராம். வான்கோழியைக் கொஞ்சம் விசேஷமாகச் செய்ய வேண்டுமாம். மாமி, "ஓம், செய்யிறன் எண்டு சொல்லு" என்றார்.

நான் நேர்வாளம் போடலாம் என்றேன். உண்மையாகவே சொன்னேன். எந்த நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் என்றுகூட விசாரித்து வைத்திருந்தேன்.

"வயிறு கழிஞ்சா நாளைக்கே சரியாயிடும்" என்றார் மாமி. "அவனுக்கு ஆயுசுக்கும் சரியாகக் கூடாது."

தன் எண்ணத்தை அவர் எனக்குச் சொன்ன விதம் ஒரு சமையல் குறிப்பைப் போலத்தான் இருந்தது. வழக்கமான ருசி போதாது. வழக்கமான ருசி என்றால் கொன்றாக்டரின் மனைவி தான் செய்ததென்று சொல்லிக் கடந்துவிடுவாள். இந்த முறை சாப்பிடுகிறவர்கள் நம்ப முடியாமல், எப்படிச் செய்தது என்று கேட்டே தீர வேண்டும். கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியாது. சமைத்தவளைக் கூப்பிடத்தான் வேண்டும். "என்னைக் கூப்பிட்டாக் காணும், மிச்சத்தை நான் பாப்பன்" என்றார் மாமி.

அதன் பிறகு எங்கள் வீட்டில் கோழிதான். வான்கோழியில் பிழை விடக் கூடாது என்று மாமி கோழியில் பழகினார். ஒரு கோழியைத் தேசிக்காயும் உப்பும் பூசி வைத்தார். மேல்தான் பிடித்தது, உள்ளே சப்பென்றிருந்தது. அடுத்ததை உப்புத் தண்ணீரில் ரம்பை இலையும் நசுக்கிய இஞ்சியும் கறுவாப் பட்டையும் போட்டு, ஒரு பகலும் இரவும் ஊறவிட்டார். அது எலும்புவரை ருசித்தது. நெஞ்சிறைச்சியைப் பிய்த்தால் ஈரம் மினுங்கியது. இன்னொன்றை நெஞ்சு கீழே இருக்கும்படி வைத்து வேகவிட்டுப் பாதியில் திருப்பினார். வடிந்த நெய்யெல்லாம் நெஞ்சுக்குள்ளேயே இறங்கியது. வெந்ததை உடனே வெட்டாமல் மூடி வைத்தால் சாறு தட்டில் ஓடாமல் இறைச்சியிலேயே தங்குகிறது என்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தார். அண்ணா எங்கோ ஒரு சீமெந்துத் தரையில் கிடக்க, நாங்கள் மேசையில் கோழி சாப்பிட்டோம். நான் அழுதுகொண்டே மெல்லுவேன். மாமி அதட்டுவார்: "அழுதுகொண்டு சாப்பிட்டா உப்புத் தெரியாது. கண்ணைத் துடைச்சிட்டு ருசி பாத்துச் சொல்லு." மாமா மட்டும், "எங்களையும் கொண்டு போவாங்கள், தெரியுமே?" என்று ஒருநாள் கேட்டார். "கொண்டு போகட்டும். அங்க போனா அவனையாவது பாக்கலாம்" என்றார் மாமி. மாமா எழுந்து தட்டைக் கழுவப் போனார்.

நத்தாருக்கு முதல் நாள்தான் அந்தத் தோலுக்குள் பட்டர் பூசியது. பழைய பாணை உதிர்த்து, ஈரலை வெங்காயத்தோடு வதக்கி, முந்திரிப் பருப்பும் பிளம்ஸும் மாமாவின் போத்தலிலிருந்து கொஞ்சம் சாராயமும் சேர்த்து வயிற்றை நிரப்பித் தைத்தோம். மறுநாள் போறணையிலிருந்து வெளியே எடுத்தபோது பேக்கரிப் பொடியன்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். தேன் நிறத்தில் தோல் மொறுமொறுத்திருந்தது. தட்டில் வடிந்ததைக் கெட்டித் தேங்காய்ப்பாலும் வறுத்த மிளகாயும் விட்டு மாமி குழம்பாக்கினார். பிறகு பூசைக்குக் கட்டும் சேலையை உடுத்திக்கொண்டு கொன்றாக்டர் வீட்டுக் குசினியில் போய்க் கதிரையில் அமர்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். முன்னறையில் இன்ஸ்பெக்டர், அவருடைய மனைவி, பங்குச் சுவாமி, எதிர்வீட்டு ரீச்சர், இன்னும் ஒழுங்கையில் முக்கியமானவர்கள் என்று நினைக்கப்பட்டவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

முதலில் கதைச் சத்தம் நின்றது. அதுதான் எங்களுக்குத் தெரிந்த முதல் அடையாளம். பிறகு இன்ஸ்பெக்டரின் மனைவி சிங்களத்தில் கேட்பது கேட்டது: வான்கோழி நெஞ்சு இப்படி மெத்தென்று இருந்து தான் கண்டதேயில்லை, எப்படிச் செய்தீர்கள்? கொன்றாக்டரின் மனைவி, "பட்டர்... மிளகு..." என்று இழுத்தார். "அதை நானும்தான் போடுகிறேன்" என்றார் அந்த அம்மா. "எனக்கு இது விறகு மாதிரி வருமே. உள்ளே எப்படி உப்புப் பிடித்தது?" கொன்றாக்டரின் மனைவி, இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டுமா என்று கேட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டார். "உண்மையைச் சொல்லுங்கள், யார் சமைத்தது?"

மாமி கூப்பிடும்வரை இருக்கவில்லை. எழுந்து போனார். நானும் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றேன்.

நல்ல சிங்களத்தில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். ஊறவிடுவது, தோலுக்குள் பூசுவது, கவிழ்த்து வைப்பது, ஆறவிடுவது. அந்த அம்மா குறுக்கே குறுக்கே கேட்டுக்கொண்டார். "இவ்வளவு பெரிய பறவையைச் சூட்டோடு எப்படித் தனியாகத் தூக்கினீர்கள்?" என்று அவர் கேட்டபோது, மாமி அதற்காகவே காத்திருந்தவர்போலச் சொன்னார்: "போன வருஷம் என்னுடைய மருமகன் பிடித்தான். இந்த வருஷம் அவன் உங்கள் ஐயாவுடைய ஆட்களிடம் இருக்கிறான். பருத்தித்துறைப் பொடியன் என்று கொண்டுபோனார்கள். அவனுடைய ஊர் இளவாலை. பருத்தித்துறை என்று அவன் விளையாட்டுக்குச் சொன்னது ஒரே ஒரு மனிதரிடம்."

சொல்லிக்கொண்டே நெஞ்சில் நல்ல துண்டாக ஒன்றை வெட்டி, மேசையைச் சுற்றி நடந்து, கொன்றாக்டரின் தட்டில் வைத்தார். அதன்மேல் குழம்பை விட்டார். இப்போது தமிழில் சொன்னார்: "சாப்பிடுங்கோ. ஆறினா ருசி போயிடும்."

கொன்றாக்டர் முள்ளுக்கரண்டியை எடுத்தார், பிறகு வைத்துவிட்டார். "என்ன மிஸிஸ் இது, நல்ல நாளும் அதுவுமா..." என்று சிரிக்கப் பார்த்தார். அப்போதுதான் ரீச்சர் எழுந்தார். அவரைக் கண்டு எத்தனையோ முறை எழுந்து நின்ற மனுசி. "அப்ப என் மகன்?" என்று கேட்டார். "அவனைப் பிடிச்சுக் குடுத்ததும் நீங்கதானா? பிடிச்சுக் குடுத்திட்டா எடுத்துத் தந்தீங்க?" கொன்றாக்டர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தன் தட்டைப் பார்த்தார். ரீச்சர் தன் தட்டிலிருந்த சோற்றை மேசை விரிப்பின்மேல் கவிழ்த்துவிட்டு வெளியே போனார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எழும்பினார்கள்.

பல நாட்களுக்கு ஜீப் சத்தம் கேட்டால் மாமா எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்ப்பார். எந்த ஜீப்பும் எங்கள் வாசலில் நிற்கவில்லை. தவக்காலம் தொடங்க முன்னர் ஒரு மத்தியானம் அண்ணா நடந்தே வந்தான். இன்ஸ்பெக்டர் மனைவியின் வேலையா, ஊரின் பெயர் பிழை என்பதை யாரும் கவனித்தார்களா, தெரியாது. மெலிந்திருந்தான். இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பவில்லை. அந்தக் காதில் அடித்திருக்கிறார்கள்.

அன்றைக்கே மாமியின் கோபம் ஆறியிருக்கலாம். அது அங்கேதான் தொடங்கியது. எல்லாருக்கும் தெரிந்துவிட்ட ஆளால் பொலிஸுக்குப் பிரயோசனம் இல்லை. ஒழுங்கைக்கும் அவர் இல்லாதவர் ஆனார். கோவிலில் அவர் இருக்கும் மர வாங்கில் அவருக்குப் பக்கத்தில் வேறு யாரும் இருப்பதில்லை. அடுத்த வருடம் அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசி, மருதானையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒழுங்கையில் விசாரிக்க வந்தார்கள். மாமி அவர்களை உள்ளே கூப்பிட்டுக் கோழிக் கட்லட்டும் தேத்தண்ணியும் கொடுத்து, ஆறுதலாக எல்லாவற்றையும் சொன்னார். அண்ணாவைக் கூப்பிட்டு இடப்பக்கம் நின்று பெயர் சொல்லிக் காட்டினார். சம்பந்தம் குழம்பியது.

"அந்தப் பிள்ளை என்ன செய்தவள்?" என்று மாமா கேட்டார். அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் கேட்டேன்.

"என்ர பிள்ளை என்ன செய்தவன்?" என்று கேட்டார் மாமி.

அந்தப் பெண் எனக்குப் பழக்கமானவள். எங்கள் வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு நடக்கத் தொடங்கினாள். எனக்குப் பாவமாக இருந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அண்ணா வானொலியை வலக்காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்க்கும்போது இருக்கவில்லை. கொன்றாக்டர் வீட்டை விற்றுவிட்டுப் போனார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். அண்ணா வெளிநாடு போகவேயில்லை, எங்களோடுதான். மாமி போன வருடம் இறந்தார். கடைசிவரை நல்ல பசியோடு சாப்பிட்டு, நன்றாகத் தூங்கியவர். அடக்கப் பூசையில் புதிதாக வந்த இளம் சுவாமி நீண்ட பிரசங்கம் வைத்தார். யாரோ எழுதிக் கொடுத்ததாக இருக்கும். இந்தத் தாய் தன் வாழ்வில் எல்லாரையும் மன்னித்து, மனச்சுமை எதுவுமின்றி ஆண்டவரிடம் போகிறார் என்றார். முன் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த அண்ணா, சரியாகக் கேட்காமல், முகத்தைத் திருப்பி வலக்காதை என் பக்கம் கொடுத்தான். "என்ன சொல்லுறார்?"

"மாமி எல்லாரையும் மன்னிச்சிட்டாவாம்" என்றேன்.

அண்ணா என்னைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான். கைலேஞ்சியை வாயில் பொத்திக்கொண்டு குனிந்தான். அவன் தோள்கள் குலுங்குவதைக் கண்டு, பின்னால் வாங்கில் இருந்த பெண் ஒருத்தி, அழுகிறான் என்று நினைத்து, எட்டி அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.