இரண்டு ஈஸ்டும் எங்கள் ஐமிச்சமும்

டென்மார்க்கின் இக்காஸ்ட் என்ற ஊரில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தில், எங்களுக்கு நேர்கீழ் வீட்டில் ஒரு டேனிஷ்காரர் இருந்தார். துணி ஆலையொன்றில் இயந்திரம் திருத்துபவர். படியில் கண்டால் தலையசைப்பார், அவ்வளவுதான். ஒருநாள் பின்னேரம் அவர் எங்கள் கதவைத் தட்டி, உன் மொழியில் எழுதத் தெரியுமா என்று என்னிடம் கேட்டார்.

தெரியும் என்றேன். இரண்டே இரண்டு சொற்கள் எழுதித் தர வேண்டும், எனக்கு விளங்காத எழுத்தாக இருக்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, பியருக்கு என்றார். ஞாயிறு கீழே நிலவறைக்கு வந்தால் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவர் என்னைவிட வயதில் மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு முன்னமே டென்மார்க்குக்கு அகதியாக வந்தவர், ஒவ்வொரு ஞாயிறும் ஜெபக் கூட்டத்துக்குப் போவார், குடிப்பதில்லை. அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், கதவைப் பூட்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

"எழுத்தைக் குடுக்காதை. எழுத்தை வைச்சு உன்னை ஆரெண்டு பிடிப்பாங்கள்."

இப்போது கேட்டால் சிரிப்பு வரும். அந்தக் காலத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவியைக் கூப்பிட நான் போட்ட விண்ணப்பம் எங்கோ போய் அசையாமல் கிடந்தது. அண்ணையுடையதும் அப்படித்தான். அயலூர்களான ஹேர்னிங்கிலும் வைலேயிலும் எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அதே கதைதான். கேட்கப் போனால், பொறுத்திருங்கள் என்று ஒரே பதில். காரணம் தெரியாதபோது மனம் தானாகக் காரணம் தேடும். பொலிஸ் விசாரணையில் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா, யாராவது என்னைப் பற்றி ஏதும் சொல்லிவிட்டார்களா என்று ஷிப்டில் நிற்கும்போதெல்லாம் யோசிப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எந்த ஊர் என்று கேட்டாலும், இவர் ஏன் கேட்கிறார் என்ற ஐமிச்சம், சந்தேகம்தான் முதலில் தோன்றும்.

ஆனாலும் போனேன். போகாவிட்டால் எதையோ ஒளிக்கிறேன் என்று அவர் நினைப்பார் என்ற பயம்தான் என்னைக் கீழே இறக்கியது.

நிலவறையில் உயரமான இரண்டு கண்ணாடிச் சாடிகள். முளைவிட்ட பார்லியை ஊறவைத்து, ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து வடித்த சாறு இரண்டிலும் சரிபாதியாக இருந்தது. பக்கத்து மேசையில் ஒரு சிறிய பைக்கற், அதில் சாற்றைப் புளிக்கவைக்கும் உலர்ந்த ஈஸ்ட். அதற்கருகே ஒரு போத்தல், அதில் மோர்போலக் கலங்கிய ஈர ஈஸ்ட். போத்தலை அவர் வைலேயில் பியர் ஆலையில் வேலைசெய்யும் நண்பரிடம் வாங்கி வந்திருந்தார்.

எனக்கு விளங்கும்வரை அவர் மெதுவாகச் சொன்னார். உலர் ஈஸ்ட் முரட்டுச் சாதி. மாதக்கணக்கில் தட்டில் கிடந்தாலும் இளஞ்சூட்டுத் தண்ணீர் பட்டால் எழும்பிவிடும். ஈர ஈஸ்ட் அப்படியல்ல. அதைக் குளிரில் வைக்க வேண்டும், பழசாக விடக்கூடாது, கொஞ்சம் சாறு கொடுத்து முதலில் உசுப்ப வேண்டும். ஆனால் பியருக்கு நல்ல மணம் அதில்தான் வரும். பைக்கற்றில் வருவது பாண் ரொட்டி சுடத்தான் சரி. இது அவருடைய கட்சி. அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று பல வருடமாக அவரோடு வாதாடுகிறாராம். யாருக்கும் எது எதுவென்று தெரியாமல் ருசி பார்த்தால்தான் வழக்குத் தீரும். அதற்குத்தான் என் எழுத்து.

மச்சானுக்கு எங்கே வேலை என்று கேட்டேன். கொம்யூனில், அதாவது நகரசபையில், என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னவை எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. கொம்யூன் அலுவலகத்தில்தான் எங்கள் பெயர், முகவரி எல்லாம் இருந்தன.

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது எட்டிப் பார்த்தேன். உலர் ஈஸ்ட் போட்ட சாடியில் நுரை கழுத்துவரை ஏறியிருந்தது. மற்றது குளத்துத் தண்ணீர்போல அசையாமல் நின்றது. அதற்கு மறுநாளும் அப்படியே. அவர் சாடிக்கு முன்னால் குந்தி, காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, நீ மூடியைத் திறந்தாயா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். தலையசைத்தாலும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பிந்தியாவது அந்தச் சாடியிலும் குமிழி வந்ததில் அவரைவிட எனக்குத்தான் நிம்மதி.

நுரை அடங்கி பியர் தெளிந்ததும் போத்தலில் அடைத்தோம். அவர் வெளியே போய் நிற்க, நான் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினேன். உலர் ஈஸ்டின் போத்தல்களுக்குத் 'தூள்'. மற்றதற்கு 'மோர்'. சொல்லின் நீளத்தை வைத்து அவர் ஊகித்துவிடக்கூடாது என்று யோசித்துத்தான் இரண்டையும் ஒரே அளவில் தெரிந்தெடுத்தேன். என் கையெழுத்தைக் கொஞ்சம் மாற்றியும் எழுதினேன். அண்ணையின் சொல் மண்டைக்குள் இருந்தது.

பியர் பதமாகும்வரை சில கிழமை பொறுக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஒருநாள் அந்த மச்சான் என்னைப் படியில் மறித்துப் பேச்சுக் கொடுத்தார். மனைவி எங்கே, பிள்ளைகள் உண்டா, விண்ணப்பம் எப்போது போட்டாய் என்று வரிசையாகக் கேட்டார். நான் முடிந்தவரை சுருக்கமாகப் பதில் சொன்னேன். நாங்கள் கதைத்துக்கொண்டு நின்றதைக் கீழ்வீட்டுக்காரர் கதவிடுக்கால் பார்த்தார். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ருசி பார்த்தது அவருடைய சமையலறையில். எனக்கும் இரண்டிலும் ஒவ்வொரு கிளாஸ் ஊற்றினார்கள். ஒன்று தெளிவாக, சுருக்கென்று இருந்தது. மற்றதில் ஈரத்துணி காயாமல் கிடந்ததுபோல ஒரு மணம் அடித்தது. மச்சானும் அவரும் ஒரே போத்தலைத்தான் நல்லது என்றார்கள். கீழ்வீட்டுக்காரர் கண்ணை மூடி மறுபடி ஒரு வாய் குடித்து, இதுதான் ஈர ஈஸ்ட், குழந்தைக்கும் தெரியும் என்றார். வாசி என்று போத்தலை என் பக்கம் தள்ளினார்.

தூள் என்று எழுதியிருந்தது. உலர்ந்தது என்று டேனிஷில் சொன்னேன்.

மச்சான் மேசையில் தட்டிச் சிரித்தார். மற்றவர் சிரிக்கவில்லை. என் முகத்தையும் மச்சானின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உனக்கு நிச்சயமா?" என்று கேட்டார்.

நிச்சயம் என்றேன். கிளாஸை வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அடுத்த நாள் நான் ஷிப்டில் நிற்கும்போது அவர் இரண்டு வெறும் போத்தல்களையும் கொண்டுபோய் அண்ணையிடம் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அண்ணை, எனக்கு வாசிக்கத் தெரியாது, இது எழுத்தோ என்னவோ என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் வேலை முடிந்து வந்தபோது கீழ்வீட்டுக்காரர் படியிலேயே காத்திருந்தார். முகம் சிவந்திருந்தது. உன் நண்பன் இது எழுத்தே இல்லை என்கிறான், என் மச்சான் உனக்கு என்ன செய்து தருவதாகச் சொன்னான் என்று கேட்டார். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் பிடிபடவில்லை. மச்சானிடம் ஏதோ வாங்கிக்கொண்டு பொய்யாக வாசித்தேன் என்கிறார் என்று பிறகுதான் பிடிபட்டது. கள்ளன் என்று ஒருவர் புகார் கொடுத்தால் என் விண்ணப்பம் என்னாகும் என்றுதான் முதலில் ஓடியது. மேலே ஏறி அண்ணையிடம் போனேன்.

"ஏனண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அண்ணை கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நான் வாசிச்சா, எழுதினது ஆர் எண்டு அடுத்ததாக் கேப்பான். பியர்ப் போத்திலிலை மோர் எண்டு கிடக்கு. இதென்ன குறியீடு, என்ன ரகசியம் எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அன்றைக்கு நான் விடவில்லை. கையைக் கழுவச் சொல்லி, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் கீழே போனேன். கீழ்வீட்டுக்காரர் போத்தல்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அண்ணை நின்றபடியே, என்னைப் பாராமல், தூள் என்றும் மோர் என்றும் வாசித்தார். பிறகு ஒரு தாள் வாங்கி, பிட்டுக்கு மா அவிக்கும் கவனத்தோடு இரண்டு சொற்களையும் எழுதிக் காட்டினார். போத்தலில் இருந்ததும் தாளில் இருந்ததும் ஒன்றுதான் என்று யாருக்கும் தெரிந்தது.

அப்படியானால் முதலில் ஏன் தெரியாது என்றாய் என்று அவர் கேட்டார். அண்ணைக்கு டேனிஷ் போதாது. நான்தான் சொன்னேன்.

"நீங்கள் பொலிசுக்கு வேலை செய்கிறீர்கள் என்று நினைத்தோம்."

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். என் மச்சான் உன்னை வாங்கிவிட்டான் என்று நான் நினைத்தேன் என்றார். அதைச் சொன்னபோதும் அவர் சிரிக்கவில்லை. அண்ணையும் சிரிக்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் கோப்பி போட்டார். மூன்று பேரும் கோப்பியைக் குடித்தோம்.

பிறகு அவருடைய சந்தேகம் ஈஸ்டின் மேல் திரும்பியது. போத்தல் வெயிலில் காருக்குள் கிடந்திருக்கும், பாதி செத்திருக்கும், வேறு ஏதும் கிருமி தொற்றியிருக்கும் என்றார். குளிர்காலத்தில் புதிதாக ஒரு போத்தல் எடுத்து, பனிக்கட்டி அடைத்த பெட்டியில் கொண்டுவந்து மறுபடி செய்தார். இந்த முறை இரண்டு பியரும் நன்றாக வந்தன. ஈர ஈஸ்டினுடையதில் பழுத்த பேரிக்காய் மணம் இருந்தது. அவர் அதைச் சரியாகக் கண்டுபிடித்தார். மச்சானுக்குத் தூள்தான் பிடித்தது. வழக்குத் தீரவில்லை. தீர வேண்டும் என்று இருவருக்கும் பெரிய ஆசையும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் செய்தி வெடித்தது. எங்கள் விண்ணப்பங்கள் தாமாகத் தாமதமாகவில்லை, மேலிடத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். டேனிஷ் பத்திரிகைகள் அதற்குத் தமிழர் விவகாரம் என்று பெயர் வைத்தன. கீழ்வீட்டுக்காரர் பத்திரிகையோடு மேலே வந்து, வாசலில் நின்றபடியே வாசித்துக் காட்டினார். வாசிக்க வாசிக்க அவருடைய குரல் இறங்கிக்கொண்டே போனது. நான் அண்ணைக்குத் தமிழில் சொன்னேன்.

அண்ணை கேட்டுவிட்டுச் சொன்னார். "அப்ப நாங்கள் ஐமிச்சப்பட்டது சரிதான். ஆளைத்தான் மாறிப்போட்டம்."

இதை நான் டேனிஷில் சொல்லவில்லை. அவர் என்ன சொன்னார் என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டதற்கு, நன்றி சொன்னார் என்றேன்.

என் மனைவிக்கு அனுமதி வந்தது அண்ணையின் குடும்பத்துக்கு முன்பாக. விமான நிலையத்துக்குப் போக, கேட்காமலே, அந்த மச்சான் தன் காரைக் கொண்டுவந்தார். போகும் வழியெல்லாம் அவர் எதுவும் விசாரிக்கவில்லை. வானொலியைப் போட்டுவிட்டு ஓட்டினார். அவர் எனக்காக உள்ளே ஏதும் கதைத்தாரா, அல்லது எல்லோருக்கும் வந்ததுபோலத்தான் எனக்கும் வந்ததா என்று யோசித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தேன். கேட்கலாம் என்று ஒருமுறை வாயெடுத்தேன். கேட்கவில்லை. மனைவி வந்ததும் பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்தவர், முன் இருக்கையில் இருந்த தன் கோட்டை எடுத்து, குளிருக்கு விறைத்துப்போய் நின்ற அவளிடம் நீட்டினார். அவள் வாங்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். வாங்கிப் போடு என்றேன்.