சாச்சியின் மசாலாவும் என் முதல் நோன்பும்

எங்கள் வீட்டு டீ மசாலாவுக்கு ஒரு தொண்டை தேவைப்பட்ட காலம் அது. அந்தத் தொண்டை என்னுடையது. நோன்பு மாதத்தில் பெரியவர்கள் பகலில் எதையும் விழுங்க முடியாது. சமைக்கிறவர்கள் நாக்கு நுனியில் வைத்து உப்புப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம், அதில் தவறில்லை என்பார்கள். ஆனால் டீ மசாலா குழம்பு மாதிரி இல்லை. சுக்கும் மிளகும் நாக்கில் பெரிதாக ஒன்றும் சொல்லாமல் போய், தொண்டையில் இறங்கிய பிறகுதான் தங்கள் குணத்தைக் காட்டும். அதனால் சாச்சி என்னைக் கூப்பிட்டு அரை டம்ளர் டீயைக் கையில் கொடுப்பாள். நான் விழுங்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள், கழுத்தைத்தான் பார்ப்பாள். நான் செருமினால் சுக்கு அதிகம். சும்மா இருந்தால் போதவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் என்று டம்ளரை நீட்டினால் சரியாக வந்திருக்கிறது.

சாச்சி என்றால் வாப்பாவின் தம்பி மனைவி. தாராவியில் கீழே எங்கள் ஒற்றை அறை, ஏணியில் ஏறினால் மேலே வாப்பாவின் தோல் பை தைக்கும் பட்டறை. அந்த ஒற்றை அறையில் ஒரு திரையைக் கட்டி, அந்தப் பக்கத்தைச் சாச்சாவுக்கும் சாச்சிக்கும் கொடுத்திருந்தார்கள். கல்யாணம் முடிந்து, ஒரு மாதம் பம்பாயைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான் சாச்சியைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். மாதம் நான்காகியும் சாச்சி கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. பெருநாள் முடிந்த மூன்றாம் நாளுக்கு வாப்பா ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்துவிட்டார். ஒரே ஒரு டிக்கெட். எங்கள் சொந்தத்தில் பெண்கள் ஊரில் இருப்பதும் ஆண்கள் பம்பாயில் இருப்பதும் வழக்கமாகவே இருந்தது, அதில் யாரும் குற்றம் காணவில்லை. சாச்சா அண்ணன் முன்னால் தலையை ஆட்டிவிட்டு, திரைக்குப் பின்னால் போய்ப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு அறை முழுக்கக் கேட்டது. அறை அவ்வளவுதான் இருந்தது.

சாச்சி பெருமூச்செல்லாம் விடவில்லை. மசாலா இடித்தாள்.

அவள் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க எனக்கு அப்போதே ஆசையாக இருக்கும். ஏலக்காயை வாங்கியதும் ஒன்றை நகத்தால் பிளந்து, விதை கறுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பாள். வெளுத்திருந்தால் கடைக்காரனிடமே திரும்பிப் போகும். சுக்கை உடைத்து, உள்ளே நார் அதிகமிருந்தால் ஒதுக்கிவிடுவாள். எதையும் கருக விடாமல், வாசனை எழும்பிய அந்த நொடியில் சட்டியை இறக்கிவிடுவாள். அளவு என்று ஒன்று கிடையாது. ஆனால் யாருக்குப் போடுகிறோம் என்ற கணக்கு அவளிடம் இருந்தது. பட்டறை ஆட்களுக்கு டீ கொடுத்தால், திரும்பி வரும் கிளாஸ்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். யார் அடிவரை குடித்திருக்கிறார், யார் மிச்சம் வைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் சந்தில் எல்லோருக்கும் தொண்டையில் தோல் தூசும் பசை நாற்றமும் ஏறிக் கிடக்கிறது, இவர்களுக்குக் கிராம்பு கொஞ்சம் போதும், சுக்கும் மிளகும்தான் பேச வேண்டும் என்று ஒரு வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். பதினைந்து வருடமாக அதே சந்தில் இருந்த உம்மாவுக்கே அது தோன்றியிருக்கவில்லை. உம்மா அதை ஒத்துக்கொள்ளவும் இல்லை.

சந்து முனையில் டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருநாள் பட்டறைக்கு வந்தவர் அந்த டீயைக் குடித்துவிட்டார். நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வரும் கூட்டம் மொத்தமும் அவர் கடையில்தான் நிற்கும். “ஒரு நாளைக்கு ஒங்க மசாலாவப் போட்டுப் பாப்போம். ஆளுவளுக்குப் பிடிச்சிட்டுன்னா டெய்லி நீங்கதான் தரணும்” என்று சாச்சாவிடம் சொல்லிவிட்டுப் போனார். சாச்சி அதைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். தினமும் மசாலா கொடுக்க வேண்டிய ஒருத்தியை ஊருக்கு எப்படி அனுப்ப முடியும்? அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் ஏலக்காயை இரண்டு முறை திருப்பி அனுப்பினாள்.

அண்ணாச்சி குறித்த அந்த நாள்தான் என் முதல் நோன்பு நாளாகவும் வந்து சேர்ந்தது. நானேதான் பிடிக்கிறேன் என்று அடம்பிடித்தேன். வாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சந்தில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் சொல்லிவிட்டார். சாயங்காலம் எனக்கு மாலை போட்டு, எல்லோருக்கும் முன்னால் நான்தான் முதல் பேரீச்சம்பழம் எடுக்க வேண்டும் என்று ஏற்பாடாகியிருந்தது. “அப்ப மசாலாவ யாரு குடிச்சுப் பாப்பா?” என்று உம்மா கேட்டாள். “மூக்கு இருக்குல்லா மைனி” என்றாள் சாச்சி.

அளவு அதிகம் என்பதால் உரலில் இடித்து முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னிடம், வறுத்ததையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுச் சக்கிக்கு அனுப்பினாள் சாச்சி. சக்கி என்றால் மாவு அரைக்கிற மில். நோன்பு மாதத்தில் அங்கே மிளகாய்தான் ஓயாமல் அரைபடும். அதனால் தனியாக ஒரு பொட்டலத்தில் அரிசியும் கட்டிக் கொடுத்தாள். “மொதல்ல இந்த அரிசியப் போட்டு ஓட்டச் சொல்லு. மிசின் வாயில ஒட்டிருக்க மொளகா எல்லாம் அதோட போயிரும். அந்த மாவ வேண்டாம்னு சொல்லிட்டு, பொறவுதான் நம்ம மசாலா. பக்கத்துலயே நில்லு, என்ன?”

நான் பக்கத்தில் நின்றேன். ஐந்து நிமிடம் நின்றேன். சக்கிக்கு எதிரே, பன்னுக்கு நடுவே பச்சைச் சட்னி தடவி வடையை வைத்துத் தருகிற வடாபாவ் வண்டி நின்றது. வண்டிக்காரர் அப்போதுதான் வடைகளை எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் நடந்ததை விவரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன், இன்றுவரை அதைவிட ருசியான வடாபாவை நான் தின்றதில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மசாலா அரைபட்டு டப்பாவில் இருந்தது. அரிசிப் பொட்டலம் கட்டு அவிழாமல் பக்கத்தில் இருந்தது. எனக்கு முன்னால் ஒரு ஹோட்டலின் மிளகாய் ஓடியிருந்தது. சக்கிக்காரரிடம் நான் அரிசியைப் பற்றிச் சொல்லவே இல்லை, அவர் மேல் என்ன தப்பு? வரும் வழியில் அரிசியைப் புறாக்களுக்குப் போட்டேன். புறாக்களுக்குப் போடுவது நன்மையான காரியம் என்று எனக்கு நானே சொல்லியும் கொண்டேன்.

சாச்சி டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். மூன்று முறை தும்மினாள். உடனே மூடாமல் மறுபடியும் முகர்ந்தாள்.

“அரிசி போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“நெடி அடிக்கே” என்றாள். நாக்கு நுனியில் தொட்டுத் துப்பினாள், சுக்கா வேறெதுவுமா என்று பிரிந்து தெரியவில்லை போலிருந்தது. கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்த உம்மா திரும்பிப் பார்த்தாள். “சுக்கு நெடியா இருக்கும். ஒந் தொண்டக்காரிக்கு இன்னைக்கு லீவு, என்ன செய்ய?” என்று சிரித்தாள்.

சாச்சி என்னைப் பார்த்தாள். முகத்தை அல்ல, வழக்கம்போல் கழுத்துப் பக்கம்.

“நீ நோன்புதானட்டி?”

“ஆமா சாச்சி.”

அவள் டப்பாவை மூடிவிட்டாள். “சரி, யூனிபாரத்தக் கழத்திக் குடு” என்றாள். டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு, என் வெள்ளைச் சட்டையை அப்போதே துவைக்க உட்கார்ந்துவிட்டாள். எங்கள் சந்தில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வரும். டிரம்மில் இருப்பதை வைத்து ராத்திரிவரை ஓட்ட வேண்டும். “ஏ புள்ள, மத்தியானத்துல யாராவது துணி தொவைப்பாவளா? கெணத்தடின்னு நெனச்சியா?” என்று உம்மா பிடிபிடி என்று பிடித்தாள். சாச்சி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள்.

பாங்கு சொன்னதும் எனக்கு மாலை போட்டார்கள். வாப்பா என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். நான் பேரீச்சம்பழத்தை மிகுந்த களைப்போடு எடுத்துத் தின்றேன். நடிப்பு நன்றாகவே வந்தது.

சாச்சி ஒரு பழத்தையும் ஒரு வாய் தண்ணீரையும் விழுங்கிவிட்டு, கஞ்சியைத் தொடாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு டம்ளர் டீ போட்டாள். ஒரு மடக்கு விழுங்கியதும் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. “மைனி, மொளகா ஏறிருக்கு” என்றாள். உம்மாவும் குடித்துப் பார்த்து இருமினாள். ஆண்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வர இருபது நிமிடம்கூட இல்லை. அவள் அழப்போகிறாள், அழுதால் நானும் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அழவில்லை. டப்பாவில் கால்வாசியை மட்டும் ஒரு தட்டில் கொட்டினாள். “இன்னைக்குப் பானைக்கு இது போதும். இதோட ஏலக்காயும் சுக்கும் புதுசா இடிச்சுச் சேத்தா காரம் அமரும். இனி மொளகு ஒண்ணும் போடாண்டாம். அதோட வேலைய மொளகா பாக்கட்டும்” என்றாள். சுக்கு இருந்தது. ஏலக்காய்தான் இல்லை. உம்மா ஒரு நிமிடம் நின்றாள். பிறகு அலமாரி மேல்தட்டிலிருந்து, பெருநாள் பிரியாணிக்கும் சேமியாவுக்கும் என்று பூட்டி வைத்திருந்த ஏலக்காய் டப்பாவை எடுத்து அப்படியே அவள் மடியில் வைத்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மாற்றி மாற்றி இடித்தார்கள். பசியோடு, கஞ்சி ஆறிக்கொண்டிருக்க, பேச்சே இல்லாமல் இடித்தார்கள். எத்தனையோ பேர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த இருபது நிமிடம் மாதிரி ஒன்றை நான் பிறகு பார்க்கவில்லை.

தொழுகை முடிந்து முதல் ஆளாக வந்த சாச்சா பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓட, நான் மாலையோடு பின்னால் ஓடினேன். அண்ணாச்சி பானையில் தூவினார். கூட்டம் கிளாஸ்களை வாங்கியது. பட்டறை மாஸ்டர் முதல் மடக்கில் செருமினார். அவர் தொண்டையைத் தடவிக்கொண்டார், மீதியையும் குடித்தார், இன்னொரு அரை கிளாஸ் கேட்டுக் கிளாஸை நீட்டினார். “ஔர் ஏக் கட்டிங் தேனா, சேட்.” அதன் பிறகு அண்ணாச்சிக்கு நிமிர நேரமில்லை. நான் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். “ஏட்டி, ஒங்க சாச்சிட்ட சொல்லு. நாளைக்கும் இதே ருசி வேணும், கூடக் கொறைய இருக்கப்பிடாது.”

வாப்பாவும் இரண்டு கிளாஸ் குடித்திருந்தார். வீட்டுக்கு வந்து, பொதுவாகச் சுவரைப் பார்த்து, “அந்த டிக்கெட்ட என்ன செய்யதாம்?” என்று கேட்டார். உம்மா ஆறிப்போன கஞ்சியைக் குடித்துக்கொண்டே பதில் சொன்னாள். “பெருநாள் ஏலக்காய்ல பாதிய இடிச்சுத் தீத்துட்டா. அத வாங்கி வைக்காம அவ எங்கயும் போக முடியாது.” திரைக்குப் பின்னால் அன்று பெருமூச்சு கேட்கவில்லை. சாச்சி இன்றும் அதே சந்தில்தான் இருக்கிறாள். மிளகுக்குப் பதிலாகத் துளி மிளகாய் விழுந்த அந்த மசாலாதான் இன்றும் அண்ணாச்சி கடைக்குப் போகிறது.

நான் இப்போது செம்பூரில் இருக்கிறேன். போன மாதம் என் மகள் பள்ளியிலிருந்து வந்து, வெளியில் எதுவும் தின்னவில்லை என்று சத்தியம் செய்தாள். அவளுடைய வெள்ளைச் சட்டைக் காலருக்குக் கீழே, வடாபாவைக் கடிக்கும்போது சட்னி சொட்டுகிற அதே இடத்தில், பச்சையாக ஒரு கறை. அதையே பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். என் சட்டையிலும் அன்று இதே கறை இருந்திருக்க வேண்டும். நான் நோன்பை விட்டுவிட்டேன், என் தொண்டை சும்மாதான் இருக்கிறது என்று சாச்சிக்குத் தெரிந்திருக்கிறது. “ஒரு மடக்குக் குடிச்சுப் பாரு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மிளகாயைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய அவளுக்கு நோன்பு திறக்கும்வரை நேரம் இருந்தது. சொன்னால் மாலை போடக் காத்திருந்த பிள்ளை எல்லோர் முன்னாலும் பொய்க்காரியாக நின்றிருக்கும். அவள் தான் பம்பாயில் தங்குவதையே பணயம் வைத்துவிட்டுச் சட்டையைத் துவைத்தாள்.

சாச்சியிடம் போனில் கேட்டேன். “அதெல்லாம் யாரு ஞாவகத்துல வச்சிருக்கா? ஒனக்கு மசாலா தீந்துருக்குமே, குடுத்து விடட்டா?” என்றாள்.

அந்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உம்மாவின் ஏச்சைக் கேட்டுக்கொண்டு, அவள் டிரம்முக்குப் பக்கத்தில் குந்தி என் காலரைக் கசக்கிக்கொண்டிருந்தாள். வயிறு நிறைந்த நான் வாசற்படியில் உட்கார்ந்து, ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பம்பாய்த் தண்ணீரின் அருமை எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.