பாட்டுக்கு முன்னால் இருந்த பதினொரு விநாடி

நியூசிலாந்துக்கு டிசம்பரில் போகலாமா என்று வாசகர்கள் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாகப் போகலாம். நான் முதன்முதலில் அங்கே போனது 1985 டிசம்பரில். சுற்றிப் பார்க்கப் போகவில்லை, கசெட் விற்கப் போனேன். அந்தப் பயணத்தைப் பற்றி இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்குச் சிங்கப்பூரில் கசெட் மொத்த வியாபாரம். அதற்கு முன் கொழும்பு புறக்கோட்டையில் எட்டடிக்குப் பத்தடியில் ஒரு ரெக்கோர்டிங் பார் வைத்திருந்தேன். இசைத்தட்டிலிருந்து பாட்டுகளை வெற்றுக் கசெட்டில் பதிந்து விற்கும் கடை. யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. வருடம் தவறாமல் ஓடிய சரக்கு ‘கிறிஸ்மஸ் ஸ்பெஷல்’. அதில் முதல் பாட்டு, ஐம்பதுகளில் அமெரிக்காவில் பிறந்த ஒரு ராக் அண்ட் ரோல் கிறிஸ்மஸ் பாட்டு. பெயர் சொல்லத் தேவையில்லை. டிசம்பரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் காதில் விழும்.

ஆனால் என் கசெட்டில் இருந்தது அமெரிக்கப் பதிவு அல்ல. துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் பெட்டியாக வாங்கிய பழைய இசைத்தட்டுகளுக்குள் கிடந்தது. யாரோ ஒரு பெண் பாடியிருந்தாள்; கிட்டார் துள்ளியது. அட்டையில் ‘அமெரிக்கன் ஒரிஜினல்’ என்று அடித்துவிட்டேன்.

சிங்கப்பூரிலிருந்து ஆக்லாந்துக்குப் பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல். டிசம்பரில் அங்கே நேரம் ஐந்து மணி முன்னால். விமான நிலையத்தில் என் மிளகாய்த்தூளையும் கருவாட்டையும் பிரித்துப் பார்த்து, கருவாட்டை வைத்துக்கொண்டார்கள். உணவுப் பொருள் எதுவானாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள், ஒளிக்கப் பார்க்காதீர்கள்.

சித்தப்பாவின் மகன் சிவராசா கூட்டிப்போக வந்திருந்தான். ஆக்லாந்துக்குத் தெற்கே விரி என்ற இடத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை. வெளியே வெயில் கொளுத்த, கடைக் கண்ணாடிகளில் பஞ்சால் பனி ஒட்டியிருந்தார்கள். என் பெட்டியைத் தூக்கியவன் சிரித்தான்.

“என்னண்ணை, பனிப் பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து வெயிலுக்கை விக்கப் போறியளோ?”

“கொழும்பிலை மட்டும் பனியோ கொட்டினது? வித்தனான்தானே.”

“ஓம், ஓம். நீங்கள் கடல்தண்ணியையும் கடற்கரையிலை விப்பியள்.”

அடுத்த சனிக்கிழமை புக்கெகோஹி என்ற ஊரில் ஒரு இசைக் கடைக்காரரைப் பார்ப்பதாக ஏற்பாடு. பிற்பகல் இரண்டரைக்கு நேரம் கொடுத்திருந்தார். ஏற்பாடு செய்தவர் ஹோனே. சிவராசாவின் பண்டகசாலையில் வேன் ஓட்டுபவர், அந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரி, ஐம்பதை நெருங்கிய வயது. கடைக்காரர் அவருடைய பள்ளித் தோழர். விரியிலிருந்து முப்பது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம் போதும். வேனில் பெட்ரோல் போடக்கூட என்னை விடவில்லை. வழியில் இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ ஒன்று வாங்கித் தந்தேன், ஒரு டொலர். அந்தப் பயணத்தில் அவருக்காக நான் செய்த செலவு அதுதான்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் என் கசெட்டைப் போட்டேன். சரக்கின் தரம் தெரியட்டும் என்று நினைத்தேன். முதல் பாட்டு தொடங்கி நாலு வரி போவதற்குள் ஹோனே வேனை ஓரங்கட்டினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

“இது எங்கை கிடைச்சுது, மேட்?”

“அமெரிக்கன் ஒரிஜினல்,” என்றேன், பழக்கத்தில்.

“என்ன ஒரிஜினல்! அந்த கிட்டார் என்ரை அண்ணன்ரை. ட்ரம்ஸ் நான்.”

பிறகு அந்தப் பாட்டின் கதையைச் சொன்னார். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மாலுமி அமெரிக்க இசைத்தட்டை ஆக்லாந்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஹோனேயின் அண்ணன் டாமா அதை இரவல் வாங்கி, ஒரு வாரம் கேட்டுக் கேட்டே கிட்டாரைப் பிடித்துக்கொண்டார். நோட்டு வாசிக்க அவருக்குத் தெரியாது. அவர்களுடைய இசைக்குழுவில் பாடிய பெண்ணுக்கு மேல்ஸ்தாயி எட்டாததால் சுருதியை இறக்கினார்கள். சனிக்கிழமை நடனங்களில் சட்டை பிழியப் பிழிய வியர்த்தபடி சனங்கள் பனிக்காலப் பாட்டுக்கு ஆடினார்களாம். அந்த உற்சாகத்தில் சொந்தச் செலவில் நூறு தட்டு அடித்தார்கள். அதற்கு அடுத்த வருடமே டாமா கடலில் மூழ்கி இறந்துவிட்டார். வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே தட்டின் மேல் பேரப்பிள்ளை ஒன்று உட்கார்ந்து உடைத்துவிட்டது.

“இருபது வருசமா தேடுறம். கடைக்கு முதல் அம்மாட்டைப் போவம்,” என்றார்.

அவருடைய தாயார் வெங்காயத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்தவர். அதே ஊரில் மர வீடு, சமையலறையில் கசெட் ரேடியோ. ஹோனே சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேசையருகே உட்கார்ந்தார். நான் கசெட்டைத் தொடக்கத்தில் வைத்து அழுத்தினேன். கிட்டார் எழுந்தது. அவர் கையை உயர்த்தினார்.

“முதலிலையிருந்து போடு, மகன்.”

“இதுதான் முதல், அம்மா.”

“இல்லை. முதலிலை அவன் கதைப்பான்.”

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கிட்டாருக்கு முன்னால் ஒரு ஆண்குரல் இருந்தது. அறுபது நிமிடக் கசெட்டில் ஒரு பாட்டு கூடுதலாக அடங்க வேண்டுமென்றால், பேச்சு, கைதட்டல், பாட்டின் வால் எல்லாவற்றையும் வெட்டுவது எங்கள் தொழில் வழக்கம். எவ்வளவு வெட்டுகிறேன் என்று கணக்குப் பார்த்துத்தான் வெட்டுவேன். அது பதினொரு விநாடி.

“என்ன சொன்னவர்?” என்று கேட்டேன்.

ஹோனே சொன்னார்: “‘அம்மா, கதிரையைப் பின்னாலை தள்ளிப்போட்டு எழும்பி ஆடு. இது உனக்கு.’ பாடினது அவனில்லை. அவன்ரை குரல் எண்டு இருந்தது அது மட்டும்தான்.”

தாயார் என்னையே பார்த்தார். “ரெக்கோர்ட் உன்னட்டை இருக்கோ?”

இல்லை. பாட்டை மாஸ்டர் நாடாவில் பதிந்த அன்றைக்கே அந்தத் தட்டைக் கொழும்புக் கடைச் சுவரில் அடித்து உடைத்தேன். எதிர்க்கடைக்காரன் கையில் கிடைத்தால் அவனும் அதே பாட்டைப் போடுவான். நல்ல தட்டுகளையெல்லாம் அப்படித்தான் செய்தேன்; அதைக் கெட்டித்தனம் என்று சொல்லித் திரிந்தேன்.

சுவர்க் கடிகாரத்தில் நேரம் இரண்டு. அரை மணி நேரத்தில் கடைக்காரரைப் பார்க்க வேண்டும். உண்மையைச் சொன்னால் ஹோனே என்னை அங்கே கூட்டிப்போவாரா?

“சிங்கப்பூரிலை இருக்கு, அம்மா. போனவுடனை அனுப்புறன்,” என்றேன்.

அவர் எழுந்து வந்து என் நெற்றியோடு நெற்றியும் மூக்கோடு மூக்கும் வைத்து அழுத்தினார். அது அவர்களுடைய மரியாதை. எனக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கடைக்காரர் இருநூறு கசெட் எடுத்தார். திரும்பும்போது, வழியிலுள்ள தகனினி வரைக்கும் ஹோனே விசிலடித்துக்கொண்டே ஓட்டினார்.

மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் எழுதினேன். வீடு மாறியபோது ரெக்கோர்ட் எங்கேயோ தவறிவிட்டது, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று. முதல் பொய்க்குப் பயம் காரணம் என்றாவது சொல்லலாம். இதை மேசையில் உட்கார்ந்து, திருத்தி, நல்ல தாளில் எழுதினேன். ஹோனேயிடமிருந்து பதில் வந்தது. எங்களுக்காக இவ்வளவு சிரமப்பட்டுத் தேடுவதற்கு அம்மா நன்றி சொல்லச் சொன்னார் என்று எழுதியிருந்தார். அதன் பிறகு நான் எழுதவில்லை. ‘கிறிஸ்மஸ் ஸ்பெஷல்’ மட்டும் இன்னும் நாலு வருடம் விற்றது.

இனி, போகிறவர்களுக்கு. வியாபாரத்துக்குப் போனால் டிசம்பர் இருபதுக்குள் வேலையை முடியுங்கள். அதன் பிறகு பாதி ஜனவரி வரை யாரையும் பிடிக்க முடியாது. வெயில் சுடும், தொப்பி எடுத்துப் போங்கள். கார் இல்லாமல் ஆக்லாந்தின் தெற்குப் பக்கம் அலைவது வீண்.

இன்னொன்று, இது எனக்காக. பழைய பொருள் கடைகளில் இசைத்தட்டுப் பெட்டி கண்டால் ஐந்து நிமிடம் புரட்டுங்கள். அடித்த நூறில் இரண்டு போனது எனக்குத் தெரியும், மற்றவை எங்கேயாவது இருக்கலாம். போட்டுக் கேளுங்கள். கிட்டார் உடனே தொடங்கினால் வைத்துவிடுங்கள். ஒரு ஆண்குரல் தாயைக் கதிரையைத் தள்ளச் சொன்னால், என்ன விலையானாலும் வாங்கிவிட்டு இங்கே கீழே எழுதுங்கள். தாயார் இன்றைக்கு இருக்கமாட்டார். ஹோனேயோ அவருடைய பிள்ளைகளோ இருப்பார்கள். தபாலில் அனுப்பமாட்டேன். நானே கொண்டுபோய்க் கொடுத்து, உடைத்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும்.