சத்தமில்லாத படகில் சீஃப்

எங்கள் லஸ் பக்கம் மெட்ரோ ரயிலுக்குத் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து, என் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஆரஞ்சு நிறக் காதுமூடி என் தலைக்கு இறங்கிவிட்டது. பார்க்க ஹெட்போன் மாதிரிதான் இருக்கும், ஆனால் பாட்டு வராது. கப்பலின் எஞ்சின் அறையில் வேலை செய்பவர்கள் இரைச்சலில் காது போய்விடாமல் இருக்க மாட்டிக்கொள்வது. ஒரு பக்கம் பஞ்சு கிழிந்து கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. வெளியே துளைபோடும் இயந்திரம் காலையிலேயே கச்சேரியைத் தொடங்கிவிட்டால், இதை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் கீரைக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னா மேடம், ஏரோப்ளேன் ஓட்டப் போறியா?" என்றார். ஏரோப்ளேன் இல்லை, படகு என்று சொன்னால் கதை நீளும் என்று சிரித்துவைத்தேன்.

காதுமூடி சீஃபுடையது. கப்பலில் எஞ்சின் அறைக்கு அதிபதியான சீஃப் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் சீஃப்தான். எத்தனையோ நாட்டுத் துறைமுகங்களைப் பார்த்த மனிதர், பேச்சில் மட்டும் ராயப்பேட்டையை விட்டு ஓர் அடி நகரவில்லை. ஆயுள் முழுக்க டீசல் எஞ்சின்களுக்குப் பக்கத்தில் நின்றதில் காது பாதிக்கு மேல் போய்விட்டது. இளவயதில் காதுமூடியை மாட்டச் சொன்னால் கேட்டதில்லையாம். காது போன பிறகு, போனதைக் காப்பாற்றுவதுபோல அதை எப்போதும் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தார். தனக்குக் கேட்காததால் உலகத்துக்கும் கேட்காது என்று முடிவு கட்டி, எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வார். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் இருந்தது எங்கள் கப்பல் வடிவமைப்பு அலுவலகம். அவர் வரும் நாளில் கீழ்வீட்டுக்காரர்களுக்கும் கப்பல் தொழில்நுட்பம் கொஞ்சம் புரிய ஆரம்பித்துவிடும்.

அவர் எங்களிடம் வந்தது எதிர்க்கட்சியாக. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோகும் லாஞ்ச் படகுகளை வைத்திருந்த ஒரு முதலாளி, அடுத்த படகை பேட்டரியில் ஓட்டலாமா என்று எங்களைக் கேட்டிருந்தார். அதன் மின்சார வேலை முழுக்க என் பொறுப்பு. ஆனால் முதலாளிக்கு வேதவாக்கு சீஃப் சொல்வது. அவர் கடைசியில் சரி என்றால் படகு பேட்டரியில் ஓடும். வேண்டாம் என்றால் பேட்டரிகளைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை இறக்கிவிடுவார்கள், என் வரைபடங்கள் பரணுக்குப் போகும். அப்படித்தான் பேச்சு. அந்த ஆண்டு முழுக்க என் தூக்கம் அவர் நாக்கில்தான் இருந்தது.

அந்த நாக்கோ லேசுப்பட்டதல்ல. முதல் கூட்டத்திலேயே மேஜையைத் தட்டி, "நடுக்கடல்ல சார்ஜ் பூட்ச்சின்னா இன்னாம்மா பண்ணுவே? செல்ஃபோன் கணக்கா பக்கத்து வூட்ல சொருகுவியா?" என்று கேட்டார். திரும்பி வரத் தேவையானதைத் தாண்டியும் மிச்சம் இருக்கும்படி வைத்திருக்கிறோம் என்று விளக்கினேன். உப்புக்காற்று பட்டால்? தீப்பிடித்தால்? எல்லாமே நியாயமான கேள்விகள்தான். ஒவ்வொன்றுக்கும் பதில் தேடித் தேடித்தான் அந்தப் படகு உருப்பட்டது என்பதை இன்று சந்தோஷமாகச் சொல்லலாம். அன்று எனக்கு அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். எல்லாப் பதிலையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று சொல்வார். "மெஷின்னா சத்தம் போடணும்மா. வாயே தொறக்காத மெஷின நான் எப்டி நம்புவேன்?"

ஒருமுறை வரைபடங்களைக் காட்ட அவர் வீட்டுக்கே போயிருந்தேன். அவர் மனைவி, நான் ஆன்ட்டி என்று கூப்பிடுவேன், சாயாவும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். சீஃபுக்குச் சர்க்கரை வேண்டுமா என்பதை விரல்களைத் தேய்த்துக் காட்டிக் கேட்டார். அவர் உள்ளங்கையை ஆட்டி வேண்டாம் என்றார். எஞ்சின் அறையில் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் சைகைகள் அவை. ஒரு சமையலறை வாசலில் அவற்றைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை. மகன் வாங்கி அனுப்பிய, காதுக்கு வைக்கும் மெஷின் டப்பாவோடு அலமாரியில் கிடந்தது. அதைப் பற்றிக் கேட்டேன். "அதுவும் பேட்டரிதானம்மா! ரோட்டு நடுவுல தீந்து பூட்ச்சின்னா பஸ்காரன் ஹாரன் எவன் கேப்பான்?" என்றார் சீஃப்.

அவர் சட்டை மாற்ற உள்ளே போனபோது ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெல்லிய குரல்; குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "எனக்குக் கத்திப் பேச வராதும்மா. அவர் கப்பல்ல இருந்தப்போ லெட்டர் வரும், போன் வரும், நிறைய பேசுவோம். வீட்டுக்கு வந்த அப்புறந்தான் பேச்சே நின்னு போச்சு" என்றார். புகாராகச் சொல்லவில்லை, பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னார். நான் இரண்டு பிஸ்கட் கூடுதலாகத் தின்றேன்.

வெள்ளோட்ட நாள் வந்தது. முதலாளி, எங்கள் பாஸ், படகுக்காரர்கள் எல்லோரும் மேல்தளத்தில் நின்றார்கள். லாஞ்ச் கரையைவிட்டுக் கிளம்பியதே தெரியவில்லை. கரைதான் நகர்வது போலிருந்தது. துறைமுகத்தைத் தாண்டி நல்ல வேகம் எடுத்ததும் சீஃப் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், கீழே போகலாம் என்று. வழக்கம்போல பிஸ்மில்லா சொல்லி ஏணியின் முதல் படியில் கால் வைத்தார். கை தானாகக் கழுத்துக்குப் போய்க் காதுமூடியை ஏற்றி மாட்டியது. எஞ்சின் அறையில் இறங்கும் மனிதர் அப்படித்தான் இறங்குவார். அதை மாட்டத் தேவையே இல்லாத எஞ்சின் அறைக்கு அவர் அதுவரை இறங்கியதில்லை.

கீழே பேட்டரிகள் அலமாரிகளில் அடுக்கியபடி இருந்தன. ஒரு விசிறியின் மெல்லிய ஓசை, அவ்வளவுதான். சீஃப் ஓடிக்கொண்டிருந்த மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல. வெகுநேரம் எடுக்கவில்லை. அதிர்வில்லை, சூடில்லை, எண்ணெய்க் கசிவில்லை. பேட்டரி அலமாரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மீட்டர்களைப் பார்த்தார். பிறகு என்னை அருகில் அழைத்தார். எஞ்சின் அறையில் ரகசியம் பேசுவதற்கு ஒரே வழி, பக்கத்தில் இழுத்து உச்சக்குரலில் கத்துவது. அவர் ஆயுள் பழக்கம் அது. கத்தினார்.

"ஜோரா கீதும்மா! சொம்மா சொல்லக் கூடாது, தங்கமான வேலை!"

மேலே செல்லும் திறப்பு திறந்தே கிடந்தது. நான் பதறி, உதட்டில் விரல் வைத்து மேலே காட்டினேன். மேலே யாருக்கும் சொல்லக் கூடாது என்று நானே சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டார்.

"அதத்தான் நானும் சொல்றேன்! மேல போயி உடனே சரின்னு சொல்ல மாட்டேன்! இத்தினி நாளா கத்திக்கினு கீறேன், டக்குன்னு ஒத்துக்கினா எனக்கு இன்னாம்மா மரியாதை? மொகத்த உர்ருன்னு வச்சிக்கினு, யோசிச்சு சொல்றேன்னு கெத்தா சொல்லுவேன்! நீயும் சிரிக்காம நில்லு! மொதலாளி ஒரு பயந்தாங்கொள்ளி, ரெண்டு நாள் தவிக்கட்டும்!"

மேலே யாரோ இருமலில் சிரிப்பை மறைக்கும் சத்தம் கேட்டது. காதுமூடிக்குள் அவருக்கு ஒன்றும் எட்டவில்லை. எனக்கு என் வேலை பிழைத்த சந்தோஷம் ஒரு பக்கம், அவர் மானம் போகிறதே என்ற கவலை ஒரு பக்கம்; சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அவர் ஏணியில் ஏறும்போதே முகத்தைத் தயார்செய்துகொண்டார். மேலே போய்க் காதுமூடியைக் கழுத்துக்கு இறக்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தார். "இதெல்லாம் எடுத்தோம் கவுத்தோம்னு சொல்ற விசயம் இல்ல. யோசிச்சு சொல்றேன்" என்றார். முதலாளி நல்ல மனிதர். முடிந்தவரை பொறுத்துப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சொன்னார்: "சீஃப், பயந்தாங்கொள்ளிய ரெண்டு நாளெல்லாம் தவிக்க விடாதீங்க, தாங்க மாட்டான்."

சீஃப் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லிட்டியா?"

"நான் வாயே திறக்கல சீஃப். நீங்கதான் சொன்னீங்க. மெரினாவுல சுண்டல் விக்கிறவங்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்."

அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். தோள்கள் குலுங்கின. கோபமா, அவமானமா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பியபோது மனிதர் மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். "இந்த ஊமக்கோட்டான நம்பி ரகசியம் பேசினேன் பாரு" என்று படகின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார். அதுதான் ஒப்புதல்.

திரும்பும் வழியில் எல்லோரும் டீ குடிக்கும்போது அவர் மறுபடி கீழே இறங்கினார். துணைக்குப் போனேன். இம்முறை காதுமூடி கழுத்திலேயே இருந்தது. பையிலிருந்து நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அதன் முனையை எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோர எலும்பில் அழுத்தி உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பது அவர் வழக்கம். மோட்டாரில் வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு என்ன தோன்றியதோ, படகின் பக்கத் தகட்டில் வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"தண்ணி சத்தம்மா" என்றார். அவர் கத்தாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "இத்தினி வருசம் கடல்ல இருந்தேன். கீழ இருந்து தண்ணி சத்தத்த ஒரு நாளும் கேட்டதில்ல."

கரைக்கு வந்ததும் காதுமூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஆட்டோவில் மெரினா ஓரமாக வரும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "அலமாரியில கெடக்குற அந்த காது மெஷினு, வருசக்கணக்கா சும்மா கெடந்தா பேட்டரி கெட்டுப் போயிருக்குமா?" புது பேட்டரி போட்டால் ஓடும் என்றேன். ராயப்பேட்டையில் மருந்துக் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டார்.

இப்போது அந்த முதலாளியிடம் பேட்டரி லாஞ்ச்கள் ஒன்றுக்கு மேல் ஓடுகின்றன. எங்கள் அலுவலகத்துக்கும் அதே மாதிரி வேலைகள் வருகின்றன. நேற்று அப்படி ஒரு வரைபடத்தோடு, காதுமூடியும் நானுமாக உட்கார்ந்திருந்தேன். வெளியே இயந்திரம் பூமியைக் குடைந்துகொண்டிருந்தது. போன் வெளிச்சம் போட்டது, சீஃப். ஒரு பக்கத்துக் காதுமூடியைத் தூக்கிவிட்டு, பழைய வழக்கப்படி உச்சக்குரலில், "சீஃப்! எப்டி இருக்கீங்க? ஆன்ட்டி நல்லாருக்காங்களா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் ஆன்ட்டியின் மெல்லிய குரல், யாரைப் பற்றியோ என்னத்தையோ நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவது கேட்டது. நடுநடுவே சீஃப் அதற்கு ம் கொட்டினார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஏம்மா கத்துறே?" என்றார், கிட்டத்தட்ட கிசுகிசுப்பாக. "எனக்கு நல்லாத்தான் கேக்குது."